செம்பாறை நாட்டில் பகல் நடை: ஜூனில் போகலாமா?

லாஸ்பேட்டை டீச்சர் | ஞாயிறு, காலை 8.40

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, வயது 61. வீட்டுக்காரருக்கு 66, சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. மகன் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறான். ஜூன் இரண்டாம் வாரம் பத்து நாள் லீவு போட்டு எங்களை அந்தச் சிவப்புப் பாறைப் பகுதிகளுக்கெல்லாம் அழைத்துப் போவதாகச் சொல்கிறான்.

அவன் போட்ட பட்டியல்: கிராண்ட் கேன்யனில் ஆறு வரைக்கும் இறங்கி ஏறுவது, ஜயான் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகடு, பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவு. எல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பும் நடைகள்தாம், கூடாரம் எல்லாம் இல்லை என்கிறான்.

நாங்கள் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நான்கு கிலோமீட்டர் நடப்பவர்கள். செஞ்சிக் கோட்டை ராஜகிரி போன வருடம் ஏறினேன், அவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். இதில் எதெல்லாம் எங்களால் முடியும்? இங்கேயே பழகிக்கொள்ள இடம் இருக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வைத்திக்குப்பம்காரன் | ஞாயிறு, காலை 9.15

தைரியமாகப் போங்கள் டீச்சர். கத்திரி வெயிலில் 40 டிகிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெள்ளைக்காரர்களுக்குத்தான் அந்த வெயில் பயம். தொப்பி, தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும்.

கேப்பர்மலை | ஞாயிறு, காலை 11.50

டீச்சர், அண்ணன் சொன்னதை அப்படியே நம்பிப் போய்விடாதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். இதே நினைப்போடு போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன். அரிசோனாவில் ஏழு வருடம் இருந்தேன், இப்போது கடலூர் திரும்பி மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் வெயில் உடம்புக்கு ஆகவில்லை என்பதை நமக்குச் சொல்வது வியர்வை. காலை ஏழு மணிக்குக் காந்தி சிலையிலிருந்து ஒரு சுற்று நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கசகசப்புத் தாங்காமல் நிழல் தேடுவோம், இளநீர்க் கடையில் நிற்போம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அந்தக் கசகசப்புத்தான் எச்சரிக்கை மணி.

அங்கே அந்த மணி அடிக்காது. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தோலுக்கு வந்த கணமே காய்ந்துவிடும். சட்டை காலையில் போட்ட மாதிரியே மொடமொடவென்று இருக்கும். மேட்டில் ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் உடம்பிலிருந்து போய்க்கொண்டிருக்கும், நமக்கோ வியர்க்கவே இல்லை என்று தோன்றும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சட்டையில் வெள்ளைக் கோடுகளாக உப்புப் பூத்திருக்கும். நம் ஊர் வெயிலில் பழகிய உடம்பு வெப்பத்தைத் தாங்குவது உண்மை. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்த ஊரில் அதற்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாவது விஷயம், மலையே தலைகீழ். ராஜகிரியில் முதலில் ஏற்றம். முடியவில்லை என்றால் உங்கள் வீட்டுக்காரர் செய்தது போல உட்கார்ந்துவிட்டுத் திரும்பி இறங்கிவிடலாம். கிராண்ட் கேன்யனில் முதலில் இறக்கம். காலை இளம்வெயில், குளிர்ந்த காற்று, கால் தானாகப் போகும். பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரம், ஜூனிலும் அங்கே 27, 28 டிகிரிதான் இருக்கும். இறங்க இறங்கச் சூடு கூடும். அடியில் ஆற்றங்கரையில் விளிம்பைவிடப் பத்துப் பதினோரு டிகிரி அதிகம். களைத்துப்போன காலும் உச்சி வெயிலும் ஏற்றமும் ஒன்றாக வந்து சேரும் இடம் அது.

நான் போனது ஜூனில்தான். அந்த விளிம்பிலிருந்து இறங்கும் சவுத் கைபாப் பாதை. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்ததே முதல் தப்பு. சீடர் ரிட்ஜ் வரை போவதாகத் திட்டம். அங்கே போனதும் இன்னும் கொஞ்சம் என்று ஸ்கெலிட்டன் பாயின்ட் வரை இறங்கினோம். 600 மீட்டருக்கு மேல் இறக்கம். இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அந்தப் பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் கிடையாது. திரும்பும்போது நண்பனுக்குத் தொடையில் குரக்குவலி பிடித்து நிற்கவே முடியவில்லை. பாறை ஒன்றின் கீழ் ஒரு முழம் நிழலில் ஒரு மணி நேரம் ஒண்டிக் கிடந்தோம். மேலே ஏறிப் போன ஒரு குடும்பம் உப்பு பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தது. விளிம்புக்கு வந்து சேர ஐந்து மணி நேரம். அதுவரைக்கும் என் சட்டை நனையவே இல்லை.

அதனால் ஆறு வரைக்கும் போய் ஒரே நாளில் திரும்புவது என்ற பேச்சே வேண்டாம். பூங்காக்காரர்களே அது கூடாது என்று பாதை முகப்பில் பலகை வைத்திருக்கிறார்கள். கோடையில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஏற்றத்தில் இருக்காதீர்கள் என்றும் சொல்கிறார்கள். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மகனிடம் கேளுங்கள், பயணத்தை அக்டோபருக்குத் தள்ள முடியுமா என்று.

லாஸ்பேட்டை டீச்சர் | ஞாயிறு, பகல் 2.05

படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாலைக்குச் சிறுபொழுது நண்பகல், பெரும்பொழுது வேனில் என்று முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். திணைக்கு ஏன் பொழுதை வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் ஏதோ விளக்கம் சொல்வேன். காலையில் குளிர்ந்து கிடக்கும் பாதையே நண்பகலில் வேறு நிலமாகிவிடும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தப் பாடம் எனக்கே புரிகிறது.

மகனிடம் இன்று இரவு பேசுகிறேன். தள்ளிப்போட முடியாவிட்டால் என்ன செய்வது?

கேப்பர்மலை | ஞாயிறு, பகல் 3.30

அப்படியானால் விடியலில் நடை, பகலில் அறை, சாயங்காலம் கார். ஜூனில் அங்கே ஐந்தேகால் மணிக்கே சூரியன் வந்துவிடும். ஐந்து மணிக்குப் பாதையில் நின்றால் எட்டரைக்குள் முடித்துவிடலாம். சவுத் கைபாபில் ஊ ஆ பாயின்ட் என்று ஓர் இடம், போக வர 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெயரே வாய் பிளந்து நிற்பதால் வந்தது. உங்களுக்கு அது போதும். சீடர் ரிட்ஜ் என்றால் போக வர 4.8 கிலோமீட்டர், 340 மீட்டர் ஏற்றம், அதாவது ராஜகிரியைவிட அதிகம். அந்தப் பாதை முகப்புக்குச் சொந்தக் காரில் போக முடியாது, பூங்கா பஸ்தான்.

சாருக்கு விளிம்பிலேயே நடக்கச் சமதளப் பாதை பல கிலோமீட்டருக்கு இருக்கிறது. அங்கே பார்ப்பது ஒன்றும் குறைந்த காட்சி இல்லை.

தவளக்குப்பம் தம்பி | ஞாயிறு, மாலை 6.20

நான் ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறியவன். வேண்டாம் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நான் பேசிவிடுகிறேன். வாழ்க்கையில் ஒருமுறை போக வேண்டிய இடம் அது. 2022 ஏப்ரலிலிருந்து பெர்மிட் வேண்டும், குலுக்கலில்தான் கிடைக்கும். விண்ணப்பிக்க 6 டாலர். முன்பே விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் போகும் நாளுக்கு முந்தின நாள் ஒரு குலுக்கல் உண்டு, எனக்கு அதில்தான் கிடைத்தது. போக வர 8.7 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர். கடைசி அரை மைல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முதுகெலும்பு மாதிரியான பாறைமேல் போக வேண்டும், இரண்டு பக்கமும் அதல பாதாளம்.

வயதானவர்களும் ஏறுகிறார்கள். 61 ஒரு வயதே இல்லை அம்மா.

கேப்பர்மலை | ஞாயிறு, இரவு 7.45

தம்பி, வயதைப் பற்றி எனக்கும் பேச்சில்லை. எதிரே இறங்கி வருபவருக்கு வழிவிட அந்த இடத்தில் ஒரு கையைச் சங்கிலியிலிருந்து எடுக்க வேண்டும். பாறைமேல் நடந்து பழகாத ஒருவர் முதல் தடவை கற்றுக்கொள்கிற இடமா அது? அங்கிருந்து விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

சங்கிலி ஆரம்பிக்கும் இடத்துக்கு ஸ்கவுட் லுக்அவுட் என்று பெயர். அதுவரைக்கும் போக பெர்மிட் தேவையில்லை. டீச்சருக்கு மூச்சு நன்றாக இருந்தால் அங்கே வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சார் கீழே ரிவர்சைடு வாக் போகலாம், வர்ஜின் ஆற்றோரம், போக வர மூன்றரை கிலோமீட்டர், கிட்டத்தட்டச் சமதளம்.

தவளக்குப்பம் தம்பி | ஞாயிறு, இரவு 8.10

ஸ்கவுட் லுக்அவுட் வரைக்கும் என்றால் சரி அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்தாலே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஆனால் அம்மா மேலே போக ஆசைப்பட்டால் தடுக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

இன்னொன்று: நேரத்தைக் கவனியுங்கள். ஜயான், பிரைஸ், ஆர்ச்சஸ் இருக்கும் யூட்டா மாநிலத்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அரிசோனாவில் தள்ளுவதில்லை. அரிசோனாவுக்குள்ளேயே நவாஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் தள்ளுவார்கள். அந்த நிலத்தில் இருக்கும் ஆண்டலோப் கேன்யன் என்ற பாறை இடுக்குக்கு நேரம் பதிவு செய்துவிட்டு எந்தக் கடிகாரம் என்று குழம்பி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணத்தையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், ஆண்டு அட்டையே 250 டாலர்.

செம்மண்காடு | திங்கள், காலை 6.30

பழகும் இடம் கேட்டிருந்தீர்கள் டீச்சர். பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே, ஆரோவில் போகும் மேட்டில் இருக்கும் செம்மண் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறீர்களா? மழைநீர் அறுத்து அறுத்து உண்டான ஓடைகள். அந்த மேட்டில் ஒரு காலத்தில் இருந்த காடு வெட்டப்பட்டு, மழைக்கு மழை மேல்மண் கரைந்து கடலுக்குப் போனது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது வந்தவர்கள் வரப்புக் கட்டி மரம் நட்டுத்தான் மிச்ச மண்ணைக் காப்பாற்றினார்கள். உயரம் பெரிதாக இல்லை, ஆனால் சறுக்கும் செம்மண்ணில் கால் வைத்து இறங்கி ஏறப் பழக நல்ல இடம். காலை ஆறு மணிக்குப் போங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், சுவர் சரியும்.

அந்தச் சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒன்றுதான், இரும்புத் துரு. ஜயானின் பெரிய சுவர்கள் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவன மணல் மேடுகளாக இருந்தவை. மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்து சிவந்துவிட்டது. பாறையில் சாய்ந்த கோடுகள் தெரிந்தால், காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிய வாட்டம் அது. கை வைத்துப் பாருங்கள், நம் கடற்கரை மணல் மாதிரியே நெருடும்.

நம் காலடியிலும் மணற்கல் இருக்கிறது. கடலூர் மணற்கல் என்றே அதற்குப் புவியியலில் பெயர். கேப்பர் மலை, பண்ருட்டியின் முந்திரிக்காடு, நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே தோண்டி அகற்றுகிற மண் எல்லாம் அதன் கூட்டம்தான். திருவக்கரைக்குப் போனால் அந்த மணற்கல்லுக்குள் புதைந்து கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கலாம், சுமார் 2 கோடி ஆண்டு வயது. 1781இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் அதைப் பற்றி எழுதிவைத்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மகனின் பட்டியலில் இல்லாத ஓரிடம் சாருக்குப் பொருத்தம். அரிசோனாவிலேயே பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்று ஒரு தேசியப் பூங்கா. நம் திருவக்கரை மாதிரியே கல்மரங்கள், ஆனால் 20 கோடி ஆண்டுக்கும் மேல் வயது. சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பளிங்கு போல மின்னும். கிரிஸ்டல் ஃபாரஸ்ட் என்ற சுற்றுப்பாதை 1.2 கிலோமீட்டர்தான். முதலில் திருவக்கரையைப் பார்த்துவிட்டு அங்கே போனால் சாருக்கு அது வேற்று ஊராகவே இருக்காது. ஒரு சில்லுக்கூட எடுத்து வரக்கூடாது, இரண்டு இடத்திலும்.

பலாச்சுளை | திங்கள், காலை 10.10

பண்ருட்டிக்காரி பேசுகிறேன். தண்ணீரையே எல்லோரும் சொல்கிறீர்கள், உப்பைச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு நடந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று ஆகிவிடும். கேப்பர்மலை நண்பருக்கு உப்பு பிஸ்கட் உதவியது அதனால்தான். என் அக்காவும் மாமாவும் யூட்டா போனபோது உப்பும் மிளகும் போட்டு வறுத்த முந்திரி இரண்டு கிலோ கொடுத்தனுப்பினேன். அரை மணிக்கு ஒரு பிடி. காலையில் கட்டிய புளிச்சோறு மத்தியானம் வரை கெடாது, அந்த ஊர் வெயிலிலும் கெடவில்லையாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் உப்பு எவ்வளவு, மாத்திரை நேரம் எப்படி என்று டாக்டரைக் கேட்டுவிடுங்கள். சர்க்கரை இறங்கினால் வாயில் போட மிட்டாய் அவர் பையிலேயே இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம். புது ஷூ போட்டுப் போகாதீர்கள், கொப்புளம் வந்தால் அவருக்குச் சீக்கிரம் ஆறாது.

கெடிலக்கரை | திங்கள், மதியம் 12.30

தள்ளிப்போடுவதாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டுக்குத் தள்ளாதீர்கள். அது அவர்களுடைய மழைக்காலம். மத்தியானத்துக்கு மேல் இடி மழை கொட்டும். வெறும் பாறை நிலம், தண்ணீரைக் குடிக்காது, அப்படியே இடுக்குப் பள்ளங்களில் பாயும். 1997 ஆகஸ்டில் ஆண்டலோப் கேன்யனில் 11 பேர் இப்படித்தான் போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை, மழை பெய்தது பல மைல் தள்ளி.

கடலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை எங்கள் பக்கம் எப்படி வந்தது என்று பார்த்தோமே. மழை ஓரிடம், வெள்ளம் ஓரிடம். நமக்காவது அறிவிப்பு வரும். அந்த இடுக்கில் நிற்பவருக்கு வானமே ஒரு கீற்றாகத்தான் தெரியும். காலையில் ரேஞ்சர் அலுவலகத்தில் வெள்ள எச்சரிக்கை எழுதிப் போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் எந்த ஓடைக்குள்ளும் இறங்க வேண்டாம்.

வைத்திக்குப்பம்காரன் | திங்கள், மாலை 5.00

நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் டீச்சர். வெயில் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். கேப்பர்மலை அண்ணனுக்கு ஒரு கேள்வி. வியர்வை தெரியாது என்றால், எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கேப்பர்மலை | திங்கள், மாலை 6.15

நல்ல கேள்வி. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் போதும். நடக்கப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு தடவை எடை பாருங்கள். இடையில் குடித்த தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. இங்கே நாலு நாள் பார்த்து எழுதிவையுங்கள், அங்கே போனதும் முதல் சின்ன நடையில் மறுபடி பாருங்கள். உடம்பு சொல்லாததை எடை சொல்லும். தாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பையில் இருக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள், காட்சி அடுத்த வளைவில்தான் என்று யார் சொன்னாலும்.

செம்மண்காடு | திங்கள், இரவு 8.40

ஒரு வேண்டுகோள், கேட்பீர்களா? ஆர்ச்சஸ் பக்கம் மண்மேல் கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக ஒரு பொருக்குத் தெரியும். அது வெறும் மண் இல்லை, உயிருள்ளது. நுண்ணுயிர்கள் இழை விட்டு மணலைப் பிடித்துக் கட்டியிருக்கின்றன. ஒரு காலடி பட்டால் மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். பாறைமேல் நடங்கள், பாதைமேல் நடங்கள், படம் எடுப்பதற்காக ஓரத்தில் இறங்காதீர்கள்.

நம் செம்மண் பள்ளத்தாக்கில் பையன்கள் சுவரில் பெயர் செதுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அடுத்த மழையில் அந்தக் கீறல் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது.

லாஸ்பேட்டை டீச்சர் | அடுத்த ஞாயிறு, காலை 9.20

எல்லோருக்கும் நன்றி. மகன் முதலில் முகம் சுளித்தான். கேப்பர்மலை தம்பி எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். மறுநாளே அலுவலகத்தில் பேசி லீவை அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டான்.

புதுத் திட்டம் இது. பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் ஒரு நாள், அவர் கேட்டு வாங்கிச் சேர்த்தது. கிராண்ட் கேன்யனில் எனக்கு ஊ ஆ பாயின்ட், அவருக்கு விளிம்புப் பாதை. ஜயானில் ஸ்கவுட் லுக்அவுட், அவருக்கு ஆற்றோரம். சங்கிலியை அங்கே போய்க் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்வேன். பிரைஸில் குயின்ஸ் கார்டன், நவாஹோ லூப் என்ற இரண்டு பாதைகளும் சேர்ந்த 4.6 கிலோமீட்டர், மெதுவாக, ஏனென்றால் அங்கே உயரமே 2,400 மீட்டராம், மூச்சு வாங்கும் என்கிறான். அக்டோபர் விடியலில் தண்ணீர் உறையும் குளிர் இருக்கும் என்பதால் ஸ்வெட்டரும் சேர்ந்திருக்கிறது. ஆண்டில் பாதி இரவுகள் தண்ணீர் உறைந்து, பகலில் உருகி, அப்படித்தான் பிரைஸின் கல் தூண்கள் பிளந்து நிற்கின்றனவாம். டெலிகேட் ஆர்ச் 4.8 கிலோமீட்டர், நிழலே இல்லாத பாறைச் சரிவு, விடியலில் போய்விடுவோம்.

நேற்றுத் திருவக்கரை போய் வந்தோம். வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கல்மரப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்தோம். அவர் ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் நின்று குனிந்து வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இன்று காலை கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம். போகும்போது நான் 63.4, வரும்போது 62.8, இடையில் ஒன்றும் குடிக்கவில்லை. அவர் 71.2இலிருந்து 70.5. இரண்டு பேர் சட்டையும் பிழியப் பிழிய நனைந்திருந்தன. சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபரில் அங்கே முதல் நாள் நடந்ததும் அந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதி, இங்கேயும் போடுகிறேன்.